மறுபடியும் வெறும் பென்டிரைவ்

1999இல் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பூட் ஆகிற பிளாப்பியைத் தயார் செய்வதுதான் அங்கே தொழிலின் முதல் பாடம். அதை மறுபடியும் சாதாரண பிளாப்பியாக மாற்றுவதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர அதில் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. பூட் ஆகிற பென்டிரைவை எட்டாம் வகுப்புப் பையன் வீடியோ பார்த்துத் தானே செய்துகொள்கிறான். அதைப் பழையபடி படமும் பாட்டும் போட்டுவைக்கிற பென்டிரைவாகத் திருப்பத்தான் என் கடைக்கு வருகிறார்கள். வருகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. ‘செத்துப்போச்சு’ என்று குப்பையில் போட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை. அப்படிப் போகிற பென்டிரைவ்களில் பாதிக்கு மேல் ஒரு குறையும் இல்லாதவை என்பது இத்தனை வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்து நான் கண்டது.

அந்தக் காலத்து வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் இந்தக் காலத்துச் சிக்கல் புரியும். 1.44 எம்பி பிளாப்பியைச் செருகிவிட்டு, டாஸ் திரையில் ‘ஃபார்மட் ஏ கோலன் ஸ்லாஷ் எஸ்’ என்று அடிக்க வேண்டும். அந்தக் கடைசி ‘எஸ்’ விட்டுப்போனால் பிளாப்பி ஃபார்மட் ஆகும், ஆனால் கம்ப்யூட்டரைக் கிளப்பாது. ‘எஸ்’ போட்டால் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் ஆகிய மூன்று கோப்புகளும் அவற்றுக்குரிய இடத்தில் போய் உட்காரும். இன்னொரு பிளாப்பியிலிருந்து மூன்றையும் காப்பி பண்ணிப் போட்டால் போதாதா என்று புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் கேட்பார்கள். பழைய டாஸில் போதாது. கோப்புப் பட்டியலின் முதல் வரிசையிலேயே ஐஓ.சிஸ் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அது மேற்கொண்டு நகரும். அப்படிப் பார்க்கிற சின்ன நிரல் பிளாப்பியின் முதல் 512 பைட்டில் இருந்தது. கம்ப்யூட்டர் விழித்தவுடன் முதலில் படிப்பது அந்த 512 பைட்டைத்தான்.

கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். விண்டோஸ் 98 ஸ்டார்ட்டப் பிளாப்பி ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். சிடி டிரைவை அடையாளம் காண்கிற டிரைவர்கள், எஃப்டிஸ்க், ஃபார்மட் எல்லாம் அந்த ஒற்றை பிளாப்பிக்குள். பாலிதீன் உறை போட்டு வைத்திருப்பார். மழைக்காலத்தில் பிளாப்பியின் உள்தட்டில் பூஞ்சை பிடித்துவிடும், அதனால்தான் உறை. வெளியூர் வேலைக்கு என்னை அனுப்பும்போது அதைக் கையில் கொடுத்துவிட்டு, “ஏல, ஓட்டையத் தெறந்து வச்சிருக்கியா, பாத்துக்கோ” என்பார். பிளாப்பியின் மூலையில் நகர்த்துகிற சின்னக் கட்டை ஒன்று உண்டு. அதை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிட்டால் யாரும் அதில் எழுத முடியாது, வைரஸாலும் முடியாது. 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய ‘பிரெய்ன்’ வைரஸ் குடியேறியது அந்த முதல் 512 பைட்டில்தான். அதன் வழியில் வந்த எத்தனையோ வைரஸ்களுக்கும் அதுவே வீடு. சாதாரண பிளாப்பியை டிரைவில் மறந்து விட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டாலே தொற்றிக்கொள்ளும். பூட் ஆகாத பிளாப்பியிலும் முதல் 512 பைட்டில் ஒரு நிரல் இருந்ததே காரணம். ‘இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, மாற்றிப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து’ என்று திரையில் எழுதியதே அந்த நிரல்தான்.

வேலை முடிந்தபின் அந்த பிளாப்பியில் ஒரு கடிதத்தைச் சேமிக்க வேண்டுமா? ‘எஸ்’ இல்லாமல் ஃபார்மட் அடித்தால் போதும். டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு எண்பது தடங்களையும் சுற்றி வரும். ஒரு டீ ஆறுவதற்குள் வெறும் பிளாப்பி கையில் இருக்கும்.

அது ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பிளாப்பியில் பார்ட்டிஷன் என்ற ஒன்று கிடையாது. முதல் 512 பைட்டிலிருந்தே கோப்பு அமைப்பு ஆரம்பித்துவிடும், அதனால் ஃபார்மட் அடித்தால் மொத்தமும் புதிதாகும். பென்டிரைவ் அப்படி இல்லை. அது ஹார்ட் டிஸ்க்கைப் போல நடந்துகொள்கிற சாமான். அதன் முதல் 512 பைட் எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லாதது. முதல் 446 பைட்டில் பூட் நிரல், அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட்டில் ஒரு முத்திரை. மை கம்ப்யூட்டரில் வலது பொத்தானை அழுத்தி நாம் கொடுக்கிற ஃபார்மட், ஏற்கெனவே இருக்கிற பார்ட்டிஷனுக்கு உள்ளேதான் வேலை செய்யும். அட்டவணையை அது தொடாது. இன்றைக்கு என் மேஜைக்கு வருகிற முக்கால்வாசிப் பென்டிரைவ்களின் கதை இவ்வளவுதான்.

நடுவில் சிடியின் காலம் ஒன்று வந்து போனது. சிடியிலிருந்து பூட் செய்ய 1995இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து ‘எல் டொரிட்டோ’ என்ற முறையை வகுத்தன. அதில் ஒரு வழி, சிடிக்குள் ஒரு பிளாப்பியின் பிம்பத்தை வைத்து, கம்ப்யூட்டரை அது நிஜ பிளாப்பி என்றே நம்ப வைப்பது. சாதாரண சிடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற பேச்சே கிடையாது, எழுதினால் எழுதியதுதான். 2005இலிருந்து 2011 வரை கனானிக்கல் நிறுவனம் உபுண்டு லினக்ஸ் சிடிகளைக் காசு வாங்காமல் தபாலில் அனுப்பியது. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் அந்தச் சிடி இல்லாத அறைகள் குறைவு. லினக்ஸைக் காசில்லாமல், யாரிடமும் கெஞ்சாமல், தபால்காரர் கையால் பெற்றுக்கொண்ட தலைமுறை அது. அந்த உறைகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் நன்றியுணர்வுதான் வரும்.

பென்டிரைவ் 2000த்தில் சந்தைக்கு வந்தபோது ஐபிஎம் விற்ற முதல் ரகத்தின் கொள்ளளவு 8 எம்பி. எங்கள் ஊரில் அது பரவலாகப் புழங்க இன்னும் சில வருஷம் ஆனது. கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு வருவார்கள். அதிலிருந்து பூட் செய்வது அப்போது பெரிய பாடு. பயாஸில் போய்ப் பார்த்தால் யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-எச்டிடி என்று மூன்று பெயர் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தால் கிளம்பும் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும்.

2011இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி மாணவர்கள் கைக்கு வர ஆரம்பித்தது. அதில் விண்டோஸுடன், சி-டாக் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஒரே இயந்திரத்தில் இரண்டு ஓஎஸ் இருக்க முடியும் என்று கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கண்டது அதில்தான். பார்த்தபின் மூன்றாவதாக ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் இருப்பார்களா? அதே வருஷம் பீட் பட்டார்ட் ‘ரூஃபஸ்’ என்ற சின்ன மென்பொருளை வெளியிட்டார். ஓஎஸ் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, ஸ்டார்ட் அழுத்து. அண்ணாச்சியின் சட்டைப் பைக்குள் இருந்த வித்தை ஊருக்கே பொதுவானது. அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை, சந்தோஷம்தான். திரும்பி வருகிற வழியை மட்டும் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

போன கோடையில் ஒரு டீச்சர் தன் பிளஸ் டூ பையனோடு வந்தார். பென்டிரைவை மேஜையில் வைத்தார். இப்போதெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடுவது என்னை.

“அண்ணாச்சி, இது 32 ஜிபி. இப்போ 4 எம்பின்னு காட்டுது. ஃபார்மட் பண்ணிப் பாத்தோம், அப்பவும் அதேதான். தூரப் போட்டுரலாம்னு இவன் சொல்லுதான்.”

“தம்பி, இதுல என்ன ஏத்துன?”

“லினக்ஸ் மின்ட் அண்ணாச்சி. பழைய லேப்டாப்புல போட்டுட்டேன். நல்லா ஓடுது.”

நல்ல காரியம்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தபின், விண்டோஸ் 11 ஏற முடியாத பழைய லேப்டாப்புகளை இந்தப் பையன்கள்தான் லினக்ஸ் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பென்டிரைவைச் செருகினேன். விண்டோஸ் இரண்டு செய்திகளைக் காட்டியது. ஒன்று, 4 எம்பி அளவில் ஒரு குட்டி டிரைவ். இன்னொன்று, ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்ற அறிவிப்பு. நடந்தது என்னவென்றால், லினக்ஸ் ஐஎஸ்ஓக்களை இப்போது சிடியிலும் எழுதலாம், பென்டிரைவிலும் அப்படியே எழுதலாம். சிடிக்கான ஐஎஸ்ஓ 9660 என்ற நியமம் 1988இல் வந்தது. அதில் தொடக்கத்து 32 கேபியைக் காலியாக விட்டிருந்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் அந்தக் காலி இடத்தில் ஹார்ட் டிஸ்க்குக்குரிய பூட் நிரலையும் பார்ட்டிஷன் அட்டவணையையும் பொருத்தினார்கள். ஒரே கோப்பு, இரண்டு வேடம். எனக்கு மிகவும் பிடித்த கைத்திறன் இது. ஆனால் அதை ஒரு பைட் மாறாமல் பென்டிரைவில் எழுதும்போது, பென்டிரைவின் சொந்த அட்டவணை போய், ஐஎஸ்ஓவின் அட்டவணை அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. அந்த அட்டவணைக்கு 32 ஜிபி தெரியாது. கம்ப்யூட்டரைக் கிளப்புவதற்கென்று வைத்த 4 எம்பி பகுதியை மட்டும் விண்டோஸால் படிக்க முடிகிறது, அதையே மொத்தம் என்று காட்டுகிறது. நிலம் அப்படியே கிடக்க, பட்டாவில் மட்டும் பரப்பைக் குறைத்து எழுதியது போல. ஃபார்மட் கொடுத்தால் அந்த 4 எம்பிதான் ஃபார்மட் ஆகும். எத்தனை முறை கொடுத்தாலும் அதேதான்.

அட்டவணையை மாற்றி எழுதுவது ஒரு நிமிஷ வேலை. நான் உடனே கை வைக்கவில்லை.

“டீச்சர், இதுல முன்னாடி என்ன வச்சிருந்தீங்க?”

“எங்க அப்பா அம்மா அறுபதாங்கல்யாணப் படம் எல்லாம் இதுலதான் இருந்துச்சு. போட்டோ ஸ்டுடியோக்காரர் இதுலதான் ஏத்திக் குடுத்தாரு. அதான் போயிட்டே.”

“வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?”

இல்லை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாருடைய பென்டிரைவையும் நான் துடைப்பதில்லை. மின்ட் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி. அது விழுந்த இடத்தில் இருந்தது திரும்பாது, எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது. அதற்கு அப்பால் இருக்கிற இடத்தை ஐஎஸ்ஓ தொடவே இல்லை. அங்கே இருந்த படங்கள் பட்டியலில் பெயர் இல்லாமல் அப்படியே கிடக்கும். பையன் ஃபார்மட் கொடுத்ததும் அந்த 4 எம்பியோடு நின்றுவிட்டது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாகத் தந்திருக்கிற ‘ஃபோட்டோரெக்’ என்ற நிரல், பட்டியலைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், ஜேபெக் படம் எப்படி ஆரம்பிக்கும் என்ற அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். மூலத்தில் ஒரு எழுத்துக்கூட எழுதாது. எடுப்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். அந்தப் பென்டிரைவிலேயே சேமித்தால் மிச்சமும் போகும்.

ஓட விட்டேன். படங்கள் பெயரில்லாமல், வெறும் எண்களோடு வந்து குவிந்தன. தாலி கட்டுகிற படங்கள் வந்தன. பேரப்பிள்ளைகள் தாத்தா ஆச்சி காலில் விழுகிற படம் வந்தபோது டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் எடுத்த பந்திப் படங்களைத்தான் ஸ்டுடியோக்காரர் முதலில் ஏற்றியிருக்க வேண்டும். அதில் ஒன்றுகூட வரவில்லை.

பிறகு திருப்புகிற வேலை. கீபோர்டைப் பையனிடம் கொடுத்தேன். முதல் காரியமாக, படங்கள் ஏறியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். அடுத்து வருகிற கட்டளைக்கு இரக்கம் கிடையாது என்பதால் இதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ என்று அடித்தான். ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்ததும் இரண்டு வரி வந்தது: டிஸ்க் 0, 476 ஜிபி. டிஸ்க் 1, 29 ஜிபி. எது பென்டிரைவ் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். ‘செலக்ட் டிஸ்க் 1’. மறுபடி ‘லிஸ்ட் டிஸ்க்’ போட்டு, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அதற்கப்புறம்தான் ‘கிளீன்’.

‘கிளீன்’ என்றால் ‘உறுதிதானா’ என்று எதிர்க்கேள்வி வராது. எஃப்டிஸ்க் காலத்தில் ஒரு பார்ட்டிஷனை அழிக்க அதன் பெயரை அடித்து, பிறகு ‘ஒய்’ அடித்து இரண்டு முறை உறுதி சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காவல் இல்லை. எண்ணைத் தவறி அடித்துவிட்டு அதே வேகத்தில் அடுத்த வரிக்குப் போகிறவர்களின் ஹார்ட் டிஸ்க்குகளும் என் கடைக்கு வருகின்றன. ‘கிளீன் ஆல்’ என்று ஒன்று இருக்கிறது, அதுவும் வேண்டாம். அது மொத்த டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதும். மணிக்கணக்காகும், பென்டிரைவின் ஆயுளும் வீணாகத் தேயும். அட்டவணை போனால் போதும்.

துடைத்தபின் ‘கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி’, அப்புறம் ஃபார்மட், அப்புறம் ஒரு டிரைவ் எழுத்து கிடைக்க ‘அசைன்’. கறுப்புத் திரை பயமாக இருக்கிறவர்களுக்கு ரூஃபஸிலேயே வழி இருக்கிறது: பூட் தேர்வில் ‘நான் பூட்டபிள்’ என்று வைத்து ஸ்டார்ட் கொடுத்தால் அதே வேலை நடக்கும். லினக்ஸில் ‘எல்எஸ்பிஎல்கே’ போட்டுப் பெயரைப் பார்த்து, அன்மவுன்ட் செய்து, ‘வைப்எஃப்எஸ் -ஏ’ கொடுத்துவிட்டு ஜிபார்ட்டெடில் புது அட்டவணையும் புதுப் பார்ட்டிஷனும் போட்டுக்கொள்ளலாம்.

எந்த முறையில் ஃபார்மட் என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ போடுகிறவர்களுக்கு எக்ஸ்ஃபேட்தான். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கோயில் கொடை சீசனில் மைக்செட் போடுகிறவர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஃபேட்32. அவர்களுடைய ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற யுஎஸ்பி பிளேயர் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மன் பாட்டு போட வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர் ஊமையாக நின்றால் அவர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

எல்லாப் பென்டிரைவையும் திருப்பிவிடலாம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எழுதி எழுதித் தேய்ந்தபின் உள்ளிருக்கும் கண்ட்ரோலரே ‘இனி படிக்க மட்டும்தான்’ என்று பூட்டிக்கொள்கிற ரகம் உண்டு. அதில் டிஸ்க்பார்ட் பிழை காட்டும். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதான். சில நூறு ரூபாய்க்கு 1 டிபி என்று விற்கிற போலிகளும் உண்டு. அவற்றில் அட்டவணை என்ன சொன்னாலும் உள்ளே நிலம் அவ்வளவு இல்லை. சந்தேகம் வந்தால் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற நிரலை ஓட்டி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அடிக்கடி ஓஎஸ் போட்டுப் பார்க்கிற பிள்ளைகளுக்கு 2020இல் வந்த ‘வென்டாய்’ போட்டுக் கொடுக்கிறேன். ஒரு தடவை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓவை மற்றக் கோப்புகளைப் போல உள்ளே காப்பி பண்ணினாலே பூட் ஆகும். பக்கத்திலேயே பாடக்குறிப்பும் பாட்டும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் துடைக்கிற வேலை இல்லை.

பையன் எக்ஸ்ஃபேட் போட்டு முடித்தான். மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கினான்.

“அண்ணாச்சி, 29 ஜிபிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. மிச்சம் ரெண்டு மூணு ஜிபி இன்னும் லினக்ஸ்ல மாட்டியிருக்கோ?”

இல்லை என்று சொல்லி, பேப்பரில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கம்பெனிக்காரர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், ஆகவே 32 ஜிபி என்பது 3200 கோடி பைட். விண்டோஸ் அதையே 1024ஆல் மூன்று முறை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது. அவன் போனை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தான். 29.8 வந்தது. கண்ட்ரோலர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கிக்கொள்கிற இடத்தையும் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது.

படங்களை அந்தப் பென்டிரைவில் திரும்ப ஏற்றவில்லை. டீச்சர் வீட்டு லேப்டாப்பில் ஒன்று, அவர் தம்பியின் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு பிரதியாகப் போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவைப் பையன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறான்.